பிரிண்ட் ஏன் இருட்டா வருது? திரையும் தாளும் ஒத்துப்போகாத கதை

மானிட்டரில் பளிச்சென்று இருந்த படம், பிரிண்ட் போட்டு வந்ததும் இருட்டடிச்சுப் போயிருக்கும். கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர்கள், வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருப்பவர்கள், தாத்தா பாட்டி படத்தை ஸ்கேன் பண்ணி ஃப்ரேம் போடக் கொடுப்பவர்கள் என்று எல்லோரும் ஒரு தடவையாவது இதைப் பார்த்திருப்பார்கள். பழி முதலில் லேப்காரர் தலையில் விழும். அப்புறம் பிரிண்டர், அப்புறம் இங்க், அப்புறம் பேப்பர். கடைசியாகத்தான் யாராவது ஒருத்தர் வந்து, "மானிட்டர் பிரைட்னஸைக் குறைச்சுப் பாருங்க" என்பார்.

சரிதான், குறைக்கலாம். ஆனா எவ்வளவு? அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்குது. ஒருத்தர் 80 என்கிறார், இன்னொருத்தர் 120, அச்சகப் பழக்கம் உள்ளவர் 160 வரை போகிறார். மூன்று பேரும் ஏதோ ஒரு தரநிலையைக் காட்டுகிறார்கள். இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன, யாருடைய அறையில் உட்கார்ந்து முடிவு செய்யப்பட்டன என்று தேடினபோது சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. படிக்கப் படிக்க, கம்ப்யூட்டர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்த கதை இது என்று தெரிந்தது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இது புரிந்தால் மீதிக் கதை சுலபம்.

திரை தானே ஒளிர்கிறது. அதன் வெளிச்சத்தை, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று அளக்கிறார்கள், சுருக்கமாக நிட். தாள் தானாக ஒளிராது, மேலே விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். விழுகிற வெளிச்சத்துக்கு அளவு லக்ஸ். நல்ல வெள்ளைத் தாள், விழுவதில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அந்த வெள்ளை எத்தனை நிட் என்று தெரிய, லக்ஸை 0.9-ஆல் பெருக்கி, 3.14-ஆல் வகுக்க வேண்டும். 500 லக்ஸ் வெளிச்சத்தில் வைத்த தாள் சுமார் 143 நிட். ஒற்றை ட்யூப்லைட் போட்ட ஹாலில், சுவரின் மேல் 100 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், அங்கே மாட்டின படத்தின் வெள்ளை 29 நிட்டுக்குக் கீழேதான். இப்போது விற்கிற மானிட்டர்கள் 250, 300, 350 நிட் என்று பெட்டியிலேயே போட்டுக்கொண்டு வருகின்றன. பத்து மடங்கு வித்தியாசம்! இதில் படம் ஒத்துப்போனால்தான் ஆச்சரியம்.

பத்து மடங்கு வித்தியாசம் இருந்தும் உட்கார்ந்து எடிட் பண்றவருக்கு அது ஏன் தெரியறதில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி 1729-க்குப் போகணும். அந்த வருஷம் பிரெஞ்சு விஞ்ஞானி பியர் பூகே ஒளியின் படிநிலைகளைப் பற்றி ஒரு சின்ன நூல் வெளியிட்டார். வெளிச்சத்தை அளக்கும் துறைக்கே அதுதான் அஸ்திவாரம். அவர் கையில் எந்த மின்கருவியும் கிடையாது. கண்ணும் மெழுகுவத்தியும்தான். அவர் புரிந்துகொண்டது இது: ஒரு வெளிச்சம் எவ்வளவு என்று தனியாகக் கேட்டால் கண்ணுக்குச் சொல்லத் தெரியாது, இரண்டு வெளிச்சத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒண்ணா என்று கேட்டால் மிகத் துல்லியமாகச் சொல்லிவிடும். சூரியனையும் முழுநிலவையும் தனித்தனியாக மெழுகுவத்தியோடு ஒப்பிட்டே, சூரியன் சுமார் 3 லட்சம் மடங்கு பிரகாசம் என்று கணக்குப் போட்டார். இன்றைய அளவீடு 4 லட்சத்தை ஒட்டி வருகிறது. மெழுகுவத்தியை வைத்து இவ்வளவு நெருக்கமாக வந்தது பெரிய விஷயம்தானே!

மானிட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பவரிடம் ஒப்பிட எதுவும் இல்லை. கண் பத்து நிமிஷத்தில் திரைக்குப் பழகிவிடும், 300 நிட்டும் சாதாரணமாகத் தெரியும். பிரகாசமான திரையில் படமும் பிரகாசமாகத் தெரிவதால், ஏற்றவேண்டிய நிழல் பகுதிகளை அவர் ஏற்ற மாட்டார். சில சமயம் இன்னும் கொஞ்சம் இறக்கியும் விடுவார். ஃபைலே இருட்டாகத் தயாராகும். பிரிண்டர் அந்த ஃபைலில் இருப்பதை ஒழுங்காக அச்சடிச்சுக் கொடுக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதே வலையில் டார்க்ரூம்காரர்களும் விழுந்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படம் கழுவுகிற இடத்தில், ஃபிக்ஸர் தட்டிலிருந்து எடுத்த ஈரப் பிரிண்ட்டை விளக்கில் பிடித்துப் பார்ப்பார்கள். அந்த விளக்கு பளீரென்று இருந்தால், பிரிண்ட் நன்றாக இருப்பதாகத் தோன்றும். அது காய்ந்து, வீட்டுக்குப் போய், சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் இருட்டு. போதாக்குறைக்கு, ஈரத்தில் பிரிண்ட் கூடுதல் பளபளப்போடு தெரியும். காயும்போது வெளிர்ந்த பகுதிகள் கொஞ்சம் மங்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'டிரை டவுன்' என்று தனிப்பெயரே இருக்கிறது. அமெரிக்க நிலக்காட்சிக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சோதனைத் துண்டுகளை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து உடனே உலர்த்தி, காய்ந்தபின் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கடைசிப் பிரிண்ட்டுக்குப் போவார். 1983-இல் வந்த 'தி பிரிண்ட்' புத்தகத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சமையலறைச் சாமானை இவ்வளவு சீரியஸாகப் பயன்படுத்தின கலைஞர்கள் குறைவு.

ஆடம்ஸுக்கு ஒரு வசதி இருந்தது. படம் எடுத்தவரும் அவரே, பிரிண்ட் போட்டவரும் அவரே. எது சரி என்று தீர்மானிக்கிற ஆள் ஒருத்தர்தான். கலர் வந்தபோது இந்த வசதி போய்விட்டது.

1954 வரை அமெரிக்காவில் கோடாக் கலர் ஃபிலிம் வாங்கினால், அதைக் கழுவிப் பிரிண்ட் போடுகிற கூலியும் விலைக்குள்ளேயே அடங்கியிருந்தது. ஃபிலிம் திரும்ப கோடாக்கிடமே போகும். ஏகபோகம் என்று சொல்லி அரசு வழக்குப் போட, 1954-இல் கோடாக் அந்த ஏற்பாட்டைக் கைவிட ஒப்புக்கொண்டது. சின்னச் சின்ன தனியார் லேப்கள் முளைத்தன. எல்லா லேப்பிலும் நிறம் ஒரே மாதிரி வரவேண்டுமே? அதற்காக கோடாக் அவர்களுக்கு மாதிரிப் பிரிண்ட்களை அனுப்பியது. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார்: வெள்ளைத் தோல், பளிச்சென்ற நிற உடை. முதல் மாடலாக இருந்த கோடாக் ஊழியரின் பெயர் ஷெர்லி பேஜ். அப்புறம் எத்தனையோ மாடல்கள் மாறினார்கள், ஆனா அந்த அட்டைகளுக்கு 'ஷெர்லி' என்ற பெயரே நின்றுவிட்டது. லேப்காரர் தன் மெஷினைத் திருகித் திருகி, ஷெர்லியின் முகம் அட்டையில் உள்ளது மாதிரி வந்ததும் நிறுத்துவார். அன்றைக்கு வரும் எல்லாப் படத்துக்கும் அதுதான் அளவுகோல்.

மான்ட்ரியாலின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத் 2009-இல் இந்த அட்டைகளைப் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதினார். அதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த பகுதி, கோடாக் அடர் நிறங்களைக் கவனிக்க ஆரம்பித்த காரணம். கறுப்பினப் பிள்ளைகள் இருக்கிற பள்ளிக்கூடக் குழுப் படங்களில் அவர்களுடைய முகம் விவரமே இல்லாமல் இருண்டு போவதாகத் தாய்மார்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனா நிறுவனத்தை அசைத்தது சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி மேசை செய்கிறவர்களும் கொடுத்த புகார்கள். மில்க் சாக்லேட்டுக்கும் டார்க் சாக்லேட்டுக்கும் விளம்பரப் படத்தில் வித்தியாசம் தெரியவில்லையாம். ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். அடர் பழுப்பு நிறங்களை நன்றாகப் பிடிக்கும் ஃபிலிம்கள் அதற்கப்புறம்தான் வந்தன. பல இனப் பெண்களைச் சேர்த்த ஷெர்லி அட்டை 1990-களில்தான் வந்தது.

இதை ஏன் பிரைட்னஸ் கட்டுரையில் இவ்வளவு நீட்டுகிறேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கு, கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

லேப் உலகம் முகத்தை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, பத்திரிகை அச்சகங்கள் வேற வழியில் போய்க்கொண்டிருந்தன. விளம்பரம் கொடுத்தவர், டிசைனர், அச்சக ஃபோர்மேன் மூன்று பேரும் ஒரே புரூஃபைப் பார்த்து மூன்று விதமாகச் சொன்னால் வேலை நடக்காது. ஒருத்தர் ஜன்னல் பக்கத்தில் பார்ப்பார், இன்னொருத்தர் குண்டு பல்பு வெளிச்சத்தில் பார்ப்பார். அதனால் சாம்பல் பூச்சடித்த ஒரு பெட்டி, அதற்குள் குறிப்பிட்ட நிற வெளிச்சம், குறிப்பிட்ட அளவு என்று வந்தது. இதைப் பற்றிய சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ 3664. இப்போதைய வடிவில் அதில் இரண்டு நிலை உண்டு. புரூஃபையும் அச்சையும் ஒன்றோடொன்று கறாராக ஒப்பிட 2000 லக்ஸ். சாதாரணமாகப் பார்க்கிறவர் கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள 500 லக்ஸ்.

2000 லக்ஸ் என்பது கடுமையான வெளிச்சம். நம்ம கணக்குப்படி அங்கே தாளின் வெள்ளை 570 நிட்டைத் தாண்டும். அந்தக் காலத்துக் குழாய் மானிட்டர்கள் கொடுத்தது 100 நிட் சுமார். பிரிண்ட்டைப் பெட்டியிலும் படத்தைத் திரையிலும் வைத்தால் திரைதான் மங்கலாகத் தெரியும். இன்றைய பிரச்சினைக்கு நேர் எதிர்! அதனால் பெட்டி விளக்கைக் குறைக்கிற திருகு வைத்த மாடல்கள் வந்தன. திரையைத் தாளுக்கு ஏற்ற முடியவில்லை, தாளைத் திரைக்கு இறக்கினார்கள்.

அச்சுத் தயாரிப்பில் கம்ப்யூட்டர் 1970-களின் கடைசியிலேயே நுழைந்துவிட்டது. இஸ்ரேலின் சைடெக்ஸ் மாதிரி நிறுவனங்கள் லட்சக்கணக்கான டாலர் விலையில் பெரிய அமைப்புகளை விற்றன. ஆனால் அதில் உட்கார்ந்த அனுபவசாலிகள் திரையின் நிறத்தை நம்பவில்லை. சியான் இத்தனை சதவீதம், மெஜெந்தா இத்தனை என்று எண்களைப் படித்தே வேலை செய்தார்கள். திரை, எந்தப் படம் எங்கே இருக்கு என்று பார்க்கத்தான்.

திரையும் தாளும் ஒண்ணா இருக்கணும் என்ற ஆசையைப் பொதுமக்களிடம் கொண்டுபோனது 1984-இல் வந்த மெகின்டாஷ். அதன் திரையில் அங்குலத்துக்கு 72 புள்ளிகள். அச்சுக்கோர்ப்பில் ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 72 பாயின்ட் இருப்பதால், திரையில் 12 பாயின்ட் எழுத்து தாளிலும் அதே உயரத்தில் வரும். 1985-இல் லேசர்ரைட்டர் பிரிண்டரும் சேர்ந்தபோது, பார்ப்பதுதான் கிடைக்கும் என்ற வாக்குறுதி நிஜமான மாதிரி இருந்தது. ஆனா அளவைப் பொருத்துவது சுலபம், வெளிச்சம் அப்படி இல்லை.

அதற்கு ஆப்பிள் கண்டுபிடித்த குறுக்குவழி பல வருஷம் தலைவலி கொடுத்தது. படத்தின் நடுச்சாயல்கள் திரையில் எவ்வளவு வெளுப்பாகத் தெரியணும் என்பதைக் காமா என்ற ஒரு எண் தீர்மானிக்கும். மற்ற கம்ப்யூட்டர்களில் அது 2.2-ஐ ஒட்டி இருந்தது. அச்சில் மைப்புள்ளி பரவி நடுச்சாயல் அழுத்தமாவதோடு ஓரளவு ஒத்துப்போகும் என்று ஆப்பிள் 1.8 வைத்துக்கொண்டது. விளைவு, சரியாக நடுவில் இருக்கும் 128 என்ற மதிப்பு, மேக் திரையில் வெள்ளையில் 29 சதவீத வெளிச்சத்தோடும் விண்டோஸ் திரையில் 22 சதவீதத்தோடும் தெரியும். மேக்கில் தயாரித்த படம் விண்டோஸில் அழுக்காக இருக்கும், விண்டோஸில் தயாரித்தது மேக்கில் வெளுத்திருக்கும். 1990-களின் வெப் டிசைனர்கள் இதில் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2009-இல் ஸ்னோ லெப்பர்ட் வந்தபோதுதான் ஆப்பிள் 2.2-க்கு இறங்கி வந்தது.

இடையில் ஒரு பாடகர் வருகிறார். கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ் இசைக்குழுவின் கிரகாம் நாஷ், நல்ல புகைப்படக் கலைஞரும்கூட. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் மாற்றின தன் படங்கள் திரையில் தெரிகிற அழகோடு தாளில் வரவில்லையே என்பது அவருடைய ஏக்கம். அவர் பிடித்தது ஐரிஸ் 3047 என்ற பிரம்மாண்டமான இங்க்ஜெட் மெஷினை. சுழலும் உருளையில் தாளைச் சுற்றி, மிக நுண்ணிய மைத்துளிகளைத் தெளிக்கும் கருவி அது. அச்சகங்கள் புரூஃப் எடுப்பதற்காகச் செய்தது. கலைப் படைப்புக்காகச் செய்ததே இல்லை. விலை 1,26,000 டாலர். கனமான வாட்டர்கலர் தாள் உள்ளே போகவேண்டும் என்பதற்காக, அதன் தலைப்பகுதியை அறுத்துப் பின்னால் தள்ளினார்கள். அவ்வளவு விலை கொடுத்த மெஷினை ரம்பத்தால் அறுக்க ஒரு தைரியம் வேணும்.

1991-இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சுக்கூடம் திறக்கப்பட்டது. இங்க்ஜெட் என்று சொன்னால் கலைக்கூடங்கள் மதிக்காது என்பதால், அங்கே வேலை பார்த்த ஜாக் டுகான் 'ஜிக்ளே' என்ற பிரெஞ்சுச் சொல்லை உருவாக்கினார். பீய்ச்சியடித்தது என்று அர்த்தம். தண்ணிக்குழாய் சமாச்சாரம்தான், பிரெஞ்சில் சொன்னதும் கௌரவம் வந்துவிட்டது. அந்த மையின் ஆயுள் குறைவு, ஆரம்பகாலப் பிரிண்ட்கள் சீக்கிரமே வெளிறின. அது வேறொரு கட்டுரைக்கான கதை. அந்த முதல் ஐரிஸ் மெஷின் இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1993-இல் ஆப்பிள், அடோபி, கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்பட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐ.சி.சி என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிற நடத்தையை விவரிக்கும் ஒரு கோப்பு, அதாவது புரொஃபைல். மானிட்டர் புரொஃபைலையும் பிரிண்டர் புரொஃபைலையும் வைத்து மென்பொருள் மொழிபெயர்த்துக்கொள்ளும். அருமையான ஏற்பாடு, இன்றுவரை அதுதான் ஓடுது. ஆனா ஒன்றைக் கவனிக்கணும்: புரொஃபைல் வெள்ளையை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு ஒப்பாகச் சொல்கிறது. அந்த 100 என்பது 80 நிட்டா 300 நிட்டா என்று மாற்றும்போது கணக்கில் எடுப்பதில்லை. அதனால்தான் "எல்லா புரொஃபைலும் சரியா போட்டாச்சு, இன்னும் இருட்டா வருது" என்ற புலம்பல். புரொஃபைல் தன் வேலையைச் செய்துவிட்டது. பிரைட்னஸ் பட்டன் அதன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கு.

அப்புறம் 80 நிட் கதை. 1996-இல் ஹெச்.பி-யும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து எஸ்.ஆர்.ஜி.பி என்ற பொது நிறவெளியை முன்மொழிந்தன. 1999-இல் அது சர்வதேசத் தரநிலை ஆனது. இன்று உங்கள் போனில் இருக்கிற பெரும்பாலான படங்கள் அதன் வழியில் வந்தவைதான். அந்த ஆவணம், திரை 80 நிட் என்றும், திரையைச் சுற்றியுள்ள அறையின் வெளிச்சம் 64 லக்ஸ் என்றும் வைத்துக்கொள்கிறது. அன்றைய குழாய் மானிட்டருக்கும் மங்கலான அறைக்கும் அது நியாயமான அனுமானம். ஆனா அந்த 64 லக்ஸ் அறையில் ஒரு பிரிண்ட்டைப் பிடித்தால்? 64-ஐ 0.9-ஆல் பெருக்கி 3.14-ஆல் வகுங்க: 18 நிட். பக்கத்திலேயே 80 நிட் திரை. நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதாவது அந்தத் தரநிலை சொன்ன அறையிலேயே, அது சொன்ன திரையும் ஒரு தாளும் ஒத்துப்போகாது. குற்றம் சொல்ல முடியாது, அது திரைக்காக எழுதப்பட்டது. தாளை ஒப்பிடுவது அதன் நோக்கமே இல்லை. "பிரிண்ட்டுக்கு 80 வை, தரநிலையே சொல்லுது" என்பவர்கள் இந்த இடத்தைப் படித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அடோபி ஆர்.ஜி.பி-யின் ஆவணத்தில் திரை 160 நிட். அறை இன்னும் இருட்டு, 32 லக்ஸ். அங்கேயும் அதே கதைதான்.

2000-களின் நடுவில் குழாய் மானிட்டர்கள் போய் எல்.சி.டி வந்தது. 100 நிட்டில் பழகின உலகம் ஒரே தாவலில் 250, 300-க்குப் போனது. கடையில் வரிசையாக வைத்திருக்கும்போது பிரகாசமாக இருப்பதுதான் வாங்குகிறவர் கண்ணில் படும், அதனால் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே உச்சத்தில் வைத்து அனுப்பினார்கள். பூகே சொன்னது இங்கேயும் பொருந்தும்: பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் கூடுதல் வெளிச்சத்தை உடனே பிடித்துவிடும். அதே காலத்தில் வீட்டு ஃபோட்டோ பிரிண்டரும் மலிவாகி விட்டது. இரண்டும் ஒரே மேசையில் சந்தித்த பிறகுதான் "என் பிரிண்ட் இருட்டா வருது" என்பது உலகப் பொதுப் புலம்பலாக மாறியது.

இப்போ ஷெர்லிக்குத் திரும்பி வருவோம்.

அமெரிக்காவின் மெக்பெத் நிறுவனத்தில் 1976-இல் உருவான கலர்செக்கர் என்ற அட்டை இன்றும் புகைப்படக்காரர்கள் கையில் இருக்கிறது. 24 கட்டங்கள். இடது மேல் மூலையில் முதல் கட்டம் அடர்ந்த தோல் நிறம், இரண்டாவது வெளிர்ந்த தோல் நிறம். ஷெர்லிகள் வெள்ளையாகவே இருந்த காலத்தில், முதல் இடத்தை அடர்ந்த தோலுக்குக் கொடுத்த அட்டை என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை உண்டு. அந்த முதல் கட்டம், விழுகிற வெளிச்சத்தில் சுமார் 10 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது சுமார் 35 சதவீதம். ஒரு நல்ல பளபளப்புத் தாள் காட்டக்கூடிய மிக ஆழ்ந்த கறுப்பு அரை சதவீதத்தைச் சுற்றி இருக்கும். மேட் தாளில் அது 2 சதவீதத்தைத் தொடும்.

பிரைட்னஸ் ஏறின மானிட்டரில் எடிட் செய்து, படம் பாதி வெளிச்சத்துக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்க. 35 சதவீத முகம் 17-க்கு வரும். கொஞ்சம் டல், அவ்வளவுதான், முகம் முகமாகவே இருக்கும். 10 சதவீத முகம் 5-க்கு இறங்கும். அதன் நிழல் பக்கம், கண்ணுக்குக் கீழே, தாடை ஓரம் எல்லாம் 2-க்குப் போய் மேட் தாளின் கறுப்போடு கலந்துவிடும். தலைமுடி எங்கே முடியுது, நெற்றி எங்கே ஆரம்பிக்குது என்று தெரியாது. அதே தவறு, அதே ஃபைல், ஆனா எல்லோருக்கும் ஒரே அளவு நஷ்டம் இல்லை. நம்ம ஊர் முகங்களில் பலவும் இந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவிலும், முதல் கட்டத்தை ஒட்டியும் இருப்பவைதான்.

இதிலிருந்து தப்பிக்க நம்ம ஊரில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா முகத்தையும் இரண்டு படி வெளுப்பாக்கி அனுப்புவது. தாத்தாவின் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தால், திரும்பி வரும்போது அவர் யாரோ மாதிரி இருப்பார். சிவப்பழகு மோகம் இதில் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனா ஆல்பம் வேலை செய்கிற சிலரிடம் பேசினபோது, "அப்படியே விட்டா பிரிண்ட்ல கறுத்துடும் சார்" என்ற பயம் நிஜமாகவே இருக்கிறது என்று புரிந்தது. அந்தப் பயத்தில் பாதிக்குக் காரணம் 300 நிட் திரை. திரையைச் சரிசெய்தால் முகத்தைத் தொடவே வேண்டியிருக்காது.

எப்படிச் சரிசெய்வது? கலரிமீட்டர் என்ற சின்னக் கருவி இருந்தால் 120 நிட் என்று கொடுத்து ஆரம்பிக்கலாம். கணக்கைத் திருப்பிப் போட்டால், 120 நிட் என்பது சுமார் 420 லக்ஸில் வைத்த வெள்ளைத் தாள். நல்ல வெளிச்சமுள்ள வேலை மேசை. உங்கள் மேசை அவ்வளவு பிரகாசம் இல்லையென்றால் 100, 90 என்று இறங்கணும். ஆக 80, 120, 160 எல்லாமே சரிதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அறைக்கு.

கருவி இல்லாதவர்களுக்கு பூகேயின் வழியே போதும், செலவும் இல்லை. பிரிண்ட்டைப் பார்க்கப் போகிற வெளிச்சத்தில், மானிட்டருக்குப் பக்கத்தில், உங்கள் பிரிண்டர் தாளில் அச்சடிக்காத ஒன்றைப் பிடியுங்க. திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறங்க. இரண்டு வெள்ளையும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரிகிற வரை பிரைட்னஸை இறக்குங்க. நிறம் கொஞ்சம் மாறித் தெரியும், தாள் மஞ்சளாகவோ திரை நீலமாகவோ இருக்கும். அதை இப்போதைக்குக் கண்டுக்காதீங்க, வெளிச்சத்தை மட்டும் பாருங்க. திரையில் சரசரவென்று பாதிக்கும் கீழே போகவேண்டியிருக்கும். முதல் ஒரு மணி நேரம் திரை செத்துப்போன மாதிரி இருக்கும், அப்புறம் கண் பழகிடும். ஜன்னல் வெளிச்சம் நேரத்துக்கு நேரம் மாறும், அதனால் திரையைப் போட்டு அலைக்கழிக்காமல், ராத்திரி விளக்கில் ஒரு தடவை அமைத்துவிட்டு எடிட்டிங்கையும் அதே விளக்கில் வைத்துக்கொள்வது நல்லது. மானிட்டரில் தானாகப் பிரைட்னஸ் மாற்றும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்க.

இதெல்லாம் செய்த பிறகும் கறுப்பு மட்டும் ஒத்துப்போகாது. திரை வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஆயிரத்துக்கு ஒன்று என்ற விகிதம் காட்டும், பளபளப்புத் தாள் இருநூறுக்கு ஒன்று, மேட் தாள் ஐம்பதுக்கு ஒன்று என்றால் அதிகம். அதற்கு எந்தப் பட்டனும் கிடையாது.

சுவரில் மாட்டப்போகிற படத்துக்கு மட்டும் ஒரு சிறு திருத்தம் சொல்வேன். மேசையில் 400 லக்ஸுக்குப் பொருத்தமாகப் போட்ட பிரிண்ட், ஹாலில் 100 லக்ஸில் மறுபடியும் மங்கும். அதனால் முகம் வருகிற பகுதியை மட்டும் எடுத்து, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் வெளிச்சமாக மூன்று துண்டுகளை ஒரே சின்னத் தாளில் போட்டு வாங்கி, ராத்திரி எட்டு மணிக்கு, ட்யூப்லைட் போட்டு, அந்த ஆணி அடித்த இடத்திலேயே பிடித்துப் பாருங்க. எந்தத் துண்டில் ஆள் அவராகத் தெரிகிறாரோ, அந்த அளவில் பெரிசு போடச் சொல்லுங்க.